கம்பெனிப் பெயரில் ஒரு குடித்தனம்: மெர்ச்சன்ட் – ஐவரி நிகழ்வு ஆய்வு

எங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் உண்டு. ஒரே குழுவில் வேலை பார்க்கும் இருவர் காதலித்தாலோ கல்யாணம் செய்துகொண்டாலோ அதை நிரப்பி ஹெச்.ஆரிடம் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு மற்றவர் மேலதிகாரி என்றால் கட்டாயம். அப்ரைசலில் பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வருடம் ஓர் இளைஞர் அந்தப் படிவத்தை நிரப்பாமல் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, உட்காராமலே கேட்டார்.

"மேடம், இதை ஃபில் பண்ணிக் குடுத்தா யார் யார் பாப்பாங்க?"

விரல் விட்டு எண்ணினேன். நான், என் மேலாளர், அவருடைய மேலாளர், அந்த மேலாளருக்கு மேலே ஒருவர், சட்டப் பிரிவில் ஒருவர், கோப்பைக் கணினியில் ஏற்றும் இருவர். ஏழு பேர். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எதிரில் எழுத வேண்டிய பெயர் அவருடைய டீம் லீடுடையது என்பதும், அது ஓர் ஆணின் பெயர் என்பதும் எனக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் அவர் போய்விட்டார்.

ஓர் ஆணும் பெண்ணும் அந்தப் படிவத்தை நிரப்பினால் கேன்டீனில் ஒரு வாரம் கிண்டல், அவ்வளவுதான். இவர் நிரப்பினால் அது ஏழாவது ஆளோடு நிற்காது. ஏழு பேரில் ஒருவருடைய மாமனார் இவர்கள் ஊராக இருந்தால் போதும்.

அன்றைக்கு அவரிடம் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு, இதேபோன்ற இக்கட்டில் வேலையையும் காதலையும் நீண்ட காலம் சேர்த்தே நடத்திய யாராவது உண்டா என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தவர்கள் தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சன்டும் இயக்குநர் ஜேம்ஸ் ஐவரியும். 44 ஆண்டுகள் ஒரே நிறுவனம், ஒரே உறவு. சினிமாக்காரர்களின் கதை ஐ.டி. கம்பெனிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். படப்பிடிப்புத் தளமும் அலுவலகம்தான். சம்பளப் பாக்கி, டெட்லைன், ஈகோ, வதந்தி எல்லாம் அங்கே இன்னும் கொஞ்சம் தூக்கல்.

துணைத் தூதரகத்துப் படிக்கட்டு

1961. நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் ஓர் ஆவணப்படம் திரையிட்டார்கள். இந்தியச் சிற்றோவியங்களைப் பற்றிய அந்தப் படத்தை எடுத்தவர் இந்தியர் அல்லர். கலிபோர்னியாவில் பிறந்து ஓரிகன் மாநிலத்தின் கிளாமத் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்த ஜேம்ஸ் ஐவரி, வயது 32. பார்க்க வந்திருந்த இஸ்மாயில் மெர்ச்சன்டுக்கு வயது 24. பம்பாய் ஜவுளி வியாபாரியின் மகன். ஆறு சகோதரிகளுடன் பிறந்த ஒரே ஆண் பிள்ளை. செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்துவிட்டு, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படிக்க வந்தவர். வணிகம் படிக்க வந்தாலும் மனசெல்லாம் சினிமா. அதற்குள் ஒரு குறும்படம் தயாரித்து, அது ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போயிருந்தது.

படிக்கட்டில் சந்தித்தார்கள், காபி குடிக்கப் போனார்கள். அதே ஆண்டு 'மெர்ச்சன்ட் ஐவரி புரொடக்‌ஷன்ஸ்' பிறந்தது. இந்தியாவில் ஆங்கிலப் படங்கள் எடுத்து வெளிநாட்டில் ஓட்டுவது என்று திட்டம்.

இதை வேலையில் முளைத்த காதல் என்பதா, காதலுக்காகத் தொடங்கிய வேலை என்பதா? என் அனுபவத்தில் அலுவலகக் காதல்கள் பெரும்பாலும் முதல் வகை. இவர்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே வருடத்து வேலை. பிரித்துப் பார்க்க முடியாத அந்தக் கலப்புதான் பிற்பாடு அவர்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்கள் ஏன் எப்போதும் சேர்ந்தே பயணம் போகிறார்கள், ஏன் ஒரே முகவரி, ஏன் ஒருவர் இல்லாமல் மற்றவர் விருந்துக்கு வருவதில்லை? எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் தயாராக இருந்தது. கம்பெனி வேலை.

வீடும் விசாவும்

இருவரும் சந்தித்த அந்த வசந்த காலத்தில் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம். இல்லினாய்ஸ் மாநிலம்தான் முதலில் அந்தச் சட்டத்தை நீக்கியது, அதுவும் 1962இல்தான் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க்கில் 1980 வரை ஆனது. இங்கிலாந்தில் 1967. இந்தியாவில் 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 2018 செப்டம்பர் 6 வரை. அவர்கள் படம் எடுத்த இந்த மூன்று நாடுகளிலும் தொடக்கத்தில் அவர்கள் குற்றவாளிகள்தான்.

மெர்ச்சன்டுக்கு இன்னொரு பாரமும் இருந்தது. அவர் இந்தியக் குடிமகன். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் மனநோய்க் கூறு உடையவர்களை உள்ளே விடக் கூடாது என்று ஒரு வாசகம் உண்டு. தன்பாலீர்ப்பு உள்ளவர்களை அந்த வாசகத்தில் அடக்கித் தடுத்தார்கள். 1965இல் பாலியல் பிறழ்வு என்று வெளிப்படையாகவே சேர்த்தார்கள். 1967இல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. அது நீங்கியது 1990இல். ஆக, ஐவரிக்கு வாய் தவறினால் அவமானம். மெர்ச்சன்டுக்கு வாய் தவறினால் விமான நிலையத்தோடு எல்லாம் முடிந்தது. ஒரே உறவில் இருக்கும் இருவருக்கு ஒரே அளவு ஆபத்து என்று நினைத்துக்கொள்வது ஹெச்.ஆர். ஆட்களாகிய நாங்கள் அடிக்கடி செய்யும் தவறு. எங்கள் இளைஞருக்கும் அவருடைய டீம் லீடுக்கும்கூட ஒரே ஆபத்து கிடையாது. ஒருவருக்கு வேலை போகும், இன்னொருவருக்கு வீடு போகும்.

ஆனால் ஐவரி பிற்காலத்தில் காரணம் சொன்னபோது விசாவைச் சொல்லவில்லை, வீட்டைச் சொன்னார். 2018இல் ஓர் ஆங்கில நாளிதழ்ப் பேட்டியில், ஏன் இத்தனை ஆண்டுகள் பேசவில்லை என்று கேட்டபோது அவர் சொன்னதன் சாரம்: இஸ்மாயில் பம்பாயில் மிகவும் ஆசாரமான முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர், அப்படிப்பட்ட ஒருவர் இதைப் பொதுவெளியில் சொல்லவே மாட்டார். பாருங்கள், பேட்டி எடுத்தபோது மெர்ச்சன்ட் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போதும் ஐவரி தன் சார்பில் பேசவில்லை, அவர் வீட்டின் சார்பில்தான் பேசினார். மருமகள் பேச்சு என்று எங்கள் பாட்டி சொல்வாள்: 'அவங்க வீட்ல இதெல்லாம் பழக்கம் இல்ல.'

பணம் ஒருவர், கேமரா ஒருவர்

இருவரும் ஒரே தொழிலில், ஒரே நிறுவனத்தில். யார் பெரியவர் என்ற கேள்வி வந்தே தீரும். அதை அவர்கள் கையாண்ட விதம் எளிமையானது: எல்லையைக் கிழித்துவிட்டார்கள். பணம் புரட்டுவது மெர்ச்சன்ட், படம் எடுப்பது ஐவரி. ஒருவர் மற்றவருக்கு ரிப்போர்ட் செய்யவில்லை. எங்கள் படிவம் எதைத் தடுக்க நினைக்கிறதோ, அது அங்கே முதலிலிருந்தே இல்லை.

மெர்ச்சன்ட் பணம் புரட்டிய கதைகளைத் தனியாகவே எழுதலாம். அந்தக் காலத்தில் ஹாலிவுட் நிறுவனங்கள் இந்தியாவில் படம் ஓட்டிச் சம்பாதித்த ரூபாயை நினைத்தபடி ஊருக்கு எடுத்துப்போக முடியாது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு. இங்கேயே முடங்கிக் கிடந்த அந்த ரூபாயைக் காட்டித்தான் அவர் கொலம்பியா நிறுவனத்திடம் தங்கள் முதல் கதைப்படத்தை விற்றார். 1963இல் வந்த 'தி ஹவுஸ்ஹோல்டர்' அது. டெல்லியில் எடுத்தார்கள், சசி கபூரும் லீலா நாயுடுவும் நடித்தார்கள், படத்தொகுப்புக்கு சத்யஜித் ராய் கை கொடுத்தார். அடுத்து 1965இல் 'ஷேக்ஸ்பியர் வாலா', சுமார் 80,000 டாலரில் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. இசை ராய். மதுர் ஜாஃப்ரிக்கு பெர்லினில் சிறந்த நடிகை விருது.

அதற்கப்புறம் நீண்ட சறுக்கல். சில படங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. 1983இல் வந்த 'ஹீட் அண்ட் டஸ்ட்' இந்தியாவில் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பணம் தீர்ந்துவிட்டது. ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. இங்கேதான் மெர்ச்சன்டின் தனி முறை: சமையல். தளத்தில் எல்லோருக்கும் அவரே சமைத்துப் போடுவார். கரண்டியோடு வந்து நிற்கிற முதலாளியிடம் எப்படிச் சண்டை போடுவது? நான் இதை மெச்சிச் சொல்லவில்லை. சம்பளப் பாக்கிக்குக் குழம்பு பதிலாகாது. என்னிடம் அப்படியொரு புகார் வந்தால் நான் தொழிலாளி பக்கம்தான் நிற்பேன். ஆனால் அந்தச் சமையலில் இன்னொரு விஷயமும் நடந்தது. ஒரு படக்குழு முழுவதும் அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டது. யார் வீடு, யாருடைய சமையலறை என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரியும், பேசமாட்டார்கள். நம் ஊர்க் கூட்டுக் குடும்பத்திலும் சில விஷயங்கள் இப்படித்தான் ஓடும்.

சண்டையும் இருந்தது. நன்றாகச் சத்தம் போட்டுச் சண்டை போடுவார்கள் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஷூட்டிங் நாள் கூடினால் மெர்ச்சன்ட் கத்துவார், ஐவரி தன் போக்கில் இருப்பார். ஒருவர் நெருப்பு, இன்னொருவர் குளம். பட்ஜெட் சண்டை எங்கே முடிகிறது, வீட்டுச் சண்டை எங்கே தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? வெளியாட்களுக்கு அது தயாரிப்பாளரும் இயக்குநரும் மோதிக்கொள்வதாகத் தெரிந்திருக்கும். எல்லாத் தயாரிப்பாளரும் எல்லா இயக்குநரும் மோதிக்கொள்கிறவர்கள்தானே.

வளர்ச்சி விஷயத்தில் அவர்கள் செய்த ஒன்று எனக்குப் பிடிக்கும். மெர்ச்சன்ட் கடைசிவரை ஐவரியின் தயாரிப்பாளராக மட்டுமே இருந்துவிடவில்லை. 1970களில் ஒரு குறும்படம் இயக்கினார், 1993இல் உருது மொழியையும் ஒரு முதிய கவிஞரையும் பற்றிய முழுநீளப் படம் ஒன்றை போபாலில் எடுத்தார், அப்புறம் இன்னும் சில. ஐவரி அளவுக்குப் பெயர் வரவில்லை. ஆனாலும் 'நீ பணம் பார், நான் கலை பார்க்கிறேன்' என்று ஒருவரைக் கல்லாப்பெட்டியில் உட்காரவைத்துவிடும் உறவாக அது உறைந்துபோகவில்லை.

மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும்

இந்த நிகழ்வை இருவர் கதையாகச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

மூன்றாவது ஆள் ரூத் பிராவர் ஜாப்வாலா. ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்த யூதப் பெண். 1939இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பி வந்து, பார்சிக் கட்டடக் கலைஞர் ஒருவரை மணந்து டெல்லியில் குடியேறியவர். அவருடைய நாவலைப் படமாக்க வேண்டும் என்று மெர்ச்சன்ட் தொலைபேசியில் கூப்பிட்டபோது, யாரோ சினிமாக்காரன் தொல்லை என்று நினைத்து, தன் மாமியார் பேசுவதுபோலப் பேசிச் சமாளித்தாராம். அப்படித் தொடங்கியவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்களுடைய திரைக்கதை ஆசிரியராக இருந்தார். 1975இல் நியூயார்க்குக்கு வந்தபோது குடியேறியதும் இவர்கள் இருந்த அதே கட்டடத்தில்தான். ஒரு யூதர், ஒரு முஸ்லிம், ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர் சேர்ந்து நடத்தும் விசித்திரமான கல்யாணம் இது என்று மெர்ச்சன்ட் வேடிக்கையாகச் சொல்வார். அந்த வேடிக்கைக்குள் உண்மையை ஒளித்துவைத்திருக்கிறார். மூவரின் கல்யாணம் என்று சொல்லிவிட்டால் இருவரின் கல்யாணத்தை யாரும் தேடமாட்டார்கள்.

ரூத் திரையாக இருந்தார் என்று மட்டும் சொன்னால் அவருக்கு அநியாயம். இரண்டு ஆஸ்கரும் 1975ஆம் ஆண்டின் புக்கர் பரிசும் பெற்றவர். ஆனால் வேலையில் இருக்கும் ஒரு ஜோடிக்கு, இருவர் பக்கமும் சாயாமல் இருவரிடமும் உண்மை பேசக்கூடிய ஒருவர் தேவைப்படுகிறார். அந்த இடத்தில் இவர் இருந்தார். அலுவலகங்களில் ஜோடிகள் உடைவதை நான் பார்த்தவரையில், பல சமயம் அந்த மூன்றாவது ஆள் இல்லாததுதான் குறை. ரகசியமாக வைத்திருக்கும் உறவில் அந்த ஆள் கிடைப்பதே இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

நான்காவது ஆள் ரிச்சர்ட் ராபின்ஸ், இசையமைப்பாளர். 1979 முதல் 2005 வரை இவர்களுடைய பெரும்பாலான படங்களுக்கு இசை அவர்தான். ராபின்ஸுக்கும் மெர்ச்சன்டுக்கும் காதல் இருந்தது. மெர்ச்சன்ட் – ஐவரி பற்றி 2023இல் வந்த ஆவணப்படம் இதை மறைக்காமல் பேசுகிறது. ஐவரியே அதில் பேசியிருக்கிறார். அதாவது தயாரிப்பாளரின் துணைவர் இயக்குநர், தயாரிப்பாளரின் காதலர் இசையமைப்பாளர், மூவரும் ஒரே படத்தில், வருடக்கணக்கில். எங்கள் கம்பெனியில் இது நடந்திருந்தால் என் மேஜையில் புகார் மலையாகக் குவிந்திருக்கும்.

இதைப் புனிதமாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. யாராவது ஒருவருக்கு வலித்திருக்கும். பல இரவுகள் வலித்திருக்கும். சம்பளம் கொடுப்பவர் சம்பளம் வாங்குபவரைக் காதலிப்பது எந்தக் காலத்திலும் சமமான தராசு அல்ல. ஆனாலும் ஓர் உண்மை: அந்த இசை நிற்கவில்லை. ராபின்ஸுக்கு இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, இரண்டும் ஐவரி இயக்கி மெர்ச்சன்ட் தயாரித்த படங்களுக்கு. வேலையின் தரம்தான் அவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே சட்டம் போலிருக்கிறது.

சந்தோஷ முடிவு உள்ள ஒரு படம்

1985இல் 'எ ரூம் வித் எ வியூ' வந்தது. சுமார் 30 லட்சம் டாலரில் எடுத்த படம், அமெரிக்காவில் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. எட்டு ஆஸ்கர் பரிந்துரை, மூன்று விருது. 24 ஆண்டு உழைப்புக்குப் பிறகு முதல்முறையாகக் கையில் பணமும் செல்வாக்கும். இந்தக் கட்டத்தில் யாராக இருந்தாலும் அதே மாதிரி இன்னொரு படம்தான் எடுப்பார்கள்.

ஐவரி 'மாரிஸ்' எடுத்தார். ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் 1913–14இல் எழுதி, உயிரோடிருந்தவரை வெளியிடாமல் வைத்திருந்த நாவல். அவர் இறந்த மறு ஆண்டு, 1971இல்தான் அச்சானது. இரண்டு ஆண்களின் காதல். வெளியிட முடியாததற்குக் காரணம் காதல் மட்டுமில்லை, முடிவு. இருவரில் ஒருவர் தூக்கில் தொங்கியிருந்தால் ஒருவேளை அச்சிட்டிருப்பார்கள். ஃபார்ஸ்டர் அவர்களைச் சேர்ந்து வாழவிட்டார்.

ஃபார்ஸ்டரின் உரிமைகளை வைத்திருந்த கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி முதலில் தயங்கியது. அவருடைய நல்ல நாவல்களில் இது சேராது என்ற எண்ணம். ரூத்தும் எழுத முன்வரவில்லை, அதனால் ஐவரி இன்னொரு எழுத்தாளரோடு சேர்ந்து தானே திரைக்கதை எழுதினார். மெர்ச்சன்ட் பணம் புரட்டினார். 1987இல் படம் வந்தது. எய்ட்ஸ் பீதி உச்சத்தில் இருந்த நேரம். அடுத்த ஆண்டே பிரிட்டனில் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது என்று உள்ளாட்சி அமைப்புகளைத் தடுக்கும் 28ஆம் பிரிவு வந்தது. அந்தக் காற்றில், இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் முடிவோடு ஒரு படம். வெனிஸ் விழாவில் ஐவரிக்கு வெள்ளிச் சிங்கம், நடிகர்கள் இருவருக்கும் விருது, ராபின்ஸின் இசைக்கும் விருது.

தொழில் அழுத்தத்துக்குக் காதலைப் பலி கொடுத்தார்கள் என்று இவர்களைப் பற்றிச் சொல்பவர்கள் உண்டு. வாயைத் திறக்கவில்லையே என்பது அவர்கள் வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெற்றியில் கிடைத்த முதல் செல்வாக்கை அவர்கள் எதில் செலவழித்தார்கள் என்று பாருங்கள். பேட்டியில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதற்குச் செலவு கிடையாது, விலை உண்டு. அதற்குப் பதில் ஒரு முழுப் படத்தையே எடுத்து ஊர் முன்னால் வைத்தார்கள், கீழே தங்கள் இருவர் பெயரையும் போட்டு. இவர்களுக்குத் தெரிந்த மொழி வேலைதான், அதில்தான் சொன்னார்கள்.

அந்த மொழியின் குறை வேறு ஒரு நாளில் தெரிந்தது.

2005 மே 25

லண்டன் மருத்துவமனையில், வயிற்றுப் புண்ணுக்கான அறுவை சிகிச்சைக்குப் பின் மெர்ச்சன்ட் இறந்தார். வயது 68. மூன்று ஆண்டுகள் முன்புதான் இந்திய அரசு பத்மபூஷண் கொடுத்திருந்தது. 377ஆம் பிரிவை வைத்திருந்த அதே அரசு. உடல் மும்பை வந்தது. மரைன் லைன்ஸில் உள்ள படா கப்ரஸ்தானில், முன்னோர் பக்கத்தில், அவர் விரும்பியபடியே அடக்கம் செய்தார்கள்.

இரங்கல் குறிப்புகள் எழுதியவர்களுக்கு ஓர் ஆங்கிலச் சொல் வசதியாக இருந்தது: பார்ட்னர். தொழில் பார்ட்னரா, வாழ்க்கை பார்ட்னரா என்று படிப்பவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். தமிழில் இந்த வசதி இல்லை. கூட்டாளி என்றால் கடை. துணைவர் என்றால் வீடு. பங்காளி என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டாலே நமக்கு வரப்புத் தகராறுதான் ஞாபகம் வரும். 44 ஆண்டுகள் அவர்களை மறைத்துக் காத்த சொல், கடைசி நாளில் ஐவரியை ஒரு நிறுவனத்தின் மிச்சப் பங்குதாரராக நிறுத்திவிட்டது. பிரிட்டனில் இருவர் தங்கள் உறவைப் பதிவு செய்துகொள்ளும் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு டிசம்பரில். ஏழு மாதம்தான் வித்தியாசம்.

2018 மார்ச்சில், 89ஆவது வயதில், தழுவல் திரைக்கதைக்காக ஐவரி ஆஸ்கர் வாங்கினார். அதுவும் இரண்டு ஆண்களின் காதல் கதை. அந்த மேடையில் ரூத்துக்கும் இஸ்மாயிலுக்கும் நன்றி சொன்னார். அந்த மாதங்களில்தான் பேட்டிகளில் உறவைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். ஆறு மாதம் கழித்து இஸ்மாயிலின் நாட்டில் 377 விழுந்தது.

ஏழு பேர்

திரும்ப என் மேஜைக்கு வருகிறேன். இன்றைக்குச் சென்னையில் காதலிக்கும் இரண்டு ஆண்கள் குற்றவாளிகள் இல்லை. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், இவர்களைக் காவல்துறை தொந்தரவு செய்யக் கூடாது, ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்றெல்லாம் உத்தரவிட்டது. 2024 ஆகஸ்டில், கூட்டு வங்கிக் கணக்குக்குத் தடை இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ஆனால் கல்யாணம் கிடையாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைக் கையில் எடுக்க மறுத்துவிட்டது. தன்பாலீர்ப்பைக் காரணம் காட்டித் தனியார் கம்பெனி ஒருவரை ஓரங்கட்டினால் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. பணியிடப் பாலியல் தொல்லைக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் புகார் கொடுக்கக்கூடியவர் பெண் மட்டும்தான். உறவு கசந்து மேலதிகாரி மிரட்டினால், ஓர் ஆண் ஊழியருக்கு அலுவலகத்துக்குள் கம்பெனியின் சொந்த விதிகளை விட்டால் வேறு கதியில்லை. அந்த விதிகளை எழுதுவது என்னைப் போன்றவர்கள்.

அதனால் ஒரு சின்ன மாற்றம் எழுதிக் கொடுத்தேன். உறவு என்ன, யாரோடு என்று கேட்காமல், 'இன்னாருடைய அப்ரைசலை நான் செய்யக் கூடாது' என்று மேலாளரே எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். காரணம் கேட்கக் கூடாது. பார்ப்பவர் ஒரே ஒருவர். நீதிபதிகள் ஒரு வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறார்களே, அதுபோல. ஐவரியும் மெர்ச்சன்டும் தாங்களே கிழித்துக்கொண்ட எல்லையைக் காகிதத்தில் வரைந்து பார்த்தேன், அவ்வளவுதான். சட்டப் பிரிவு இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது.

அந்த இளைஞர் திரும்ப வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து வேறொரு விண்ணப்பம் வந்தது. வேறு குழுவுக்கு, வேறு கட்டடத்துக்கு மாற்றல். காரணம் என்ற கட்டத்தில் 'தொழில் வளர்ச்சி' என்று எழுதியிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.